இழைப்புளி பிளேடு: ஜிக்கில் தீட்டுவதா, வெறுங்கையில் தீட்டுவதா?

மாடிப்பட்டறை | கோயம்புத்தூர்

எல்லோருக்கும் வணக்கம். மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போட்டு மரவேலை பழகி வருகிறேன். ஐந்து மாதம் ஆகிறது. கையில் இருப்பது ஒரு நாலாம் நம்பர் இரும்பு இழைப்புளி, 50 மி.மீ. அகல பிளேடு. பிரச்சினை அந்த பிளேடில்தான்.

1000 (சொரசொரப்பு) ஒரு பக்கம், 6000 (நைஸ்) மறுபக்கம் உள்ள தண்ணீர்க் கல் வாங்கி, வெறுங்கையிலேயே தீட்டத் தொடங்கினேன். முதல் இரண்டு வாரம் அருமையாக வெட்டியது. தேக்குப் பலகையில் சுருள் சுருளாகச் சீவல் எழும்பி வந்தபோது இருந்த சந்தோஷத்தை இங்கே இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அப்புறம் ஒவ்வொரு முறை தீட்டும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக மோசமானது. இப்போது தீட்டி முடித்ததும் பத்துப் பதினைந்து முறை தள்ளும்வரை வெட்டுகிறது. அதற்குமேல் பலகை மேல் வழுக்கிக்கொண்டு போகிறது. அழுத்தித் தள்ளினால் திடீரென்று கடித்து நாரைப் பிய்த்துவிடுகிறது.

எனக்குப் புரியாதது இதுதான்: பிளேடு மழுங்கவில்லை. தீட்டியவுடன் முன்கை முடியை மழிக்கிறது. ஆனால் மரத்தில் வேலை செய்ய மறுக்கிறது. சரிவை, அதாவது கூரை நோக்கிச் சாய்வாகத் தேய்த்திருக்கும் முகத்தை, பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் தட்டையாக இல்லை, தொப்பை போட்டதுபோல் உருண்டிருக்கிறது.

எங்கள் தெருவில் கதவு, நிலை செய்யும் தச்சர் ஒருவர் இருக்கிறார். அவர் தன்னுடைய மர இழைப்புளி பிளேடை என் முன்னாலேயே இரண்டு நிமிடத்தில் தீட்டிக் காட்டினார். "ஜிக் எல்லாம் வேண்டாம் தம்பி, கை பழகணும்" என்கிறார். அலுவலக நண்பரோ பிளேடை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்து, அடியில் ஒரு சக்கரம் உருளுமே, அந்த ஜிக்கை வாங்கு என்கிறார். எதைக் கேட்பது? அம்மாவுக்கு ஒரு புத்தக அலமாரி செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறேன். பலகைகள் அறுத்துக் காத்திருக்கின்றன.

தச்சன்மகன் | காரைக்குடி

தம்பி, உங்கள் தெருத் தச்சர் சொன்னது சரி. அப்பா நாற்பது வருடம் மரவேலை பார்த்தார். அவர் பட்டறையில் ஜிக் என்று ஒன்றை நான் பார்த்ததே இல்லை. கல்லில் ரெண்டு சொட்டு எண்ணெய் விடுவார், பிளேடைச் சரிவோடு வைப்பார், அது தானாக உட்கார்ந்துவிடும்.

"உட்காரும்" என்று சொல்வதை விளக்கிவிடுகிறேன், வீடியோக்களில் இது சரியாக வருவதில்லை. சரிவின் பின் ஓரத்தை முதலில் கல்லில் வைத்து, பிளேடின் தலைப்பக்கத்தை மெல்லத் தூக்கிக்கொண்டே வர வேண்டும். சரிவு முழுதும் கல்லில் படியும் நொடியில் ஒரு ‘டப்’ விரலுக்குத் தெரியும். கல்லுக்கும் பிளேடுக்கும் நடுவில் இருக்கும் எண்ணெய் கூரின் ஓரமாகச் சன்னக் கோடுபோல் பிதுங்கும். அந்தக் கோடுதான் சாட்சி. அதன் பிறகு மணிக்கட்டைப் பூட்டிவிட வேண்டும். முழங்கையும் மணிக்கட்டும் அசையக் கூடாது, தோளிலிருந்து தள்ள வேண்டும். ஆரம்பத்தில் எல்லோரும் செய்யும் தப்பு, முன்னால் தள்ளும்போது கை தானாக மேலே ஏறுவது. அந்தத் தப்புதான் உங்கள் பிளேடில் தொப்பையாக நிற்கிறது.

ஜிக் வாங்கினால் இந்த ‘டப்’ உங்களுக்குத் தெரியாமலே போய்விடும். அதுதான் என் கவலை.

அளவுகோல் | சென்னை

காரைக்குடி அண்ணன் சொன்ன முறையில் குறை இல்லை. ஆனால் மாடிப்பட்டறையின் பிரச்சினை என்ன என்பதை முதலில் சொல்லிவிடுவோம். முடியை மழிக்கிறது, மரத்தை வெட்டவில்லை என்கிறார். காரணம் கோணம்.

உங்கள் இழைப்புளியில் பிளேடு 45 டிகிரி சாய்வில், சரிவு கீழ்ப்பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறது. சரிவு 30 டிகிரி என்றால், கூருக்குப் பின்னால் மரத்துக்கும் இரும்புக்கும் நடுவே 15 டிகிரி இடைவெளி கிடைக்கும். கை மேலே ஏறி ஏறி, கூர் இருக்கும் இடத்தில் அது 40 ஆகிவிட்டால், மிஞ்சுவது 5 டிகிரிதான். மரம் கல் இல்லை. பிளேடு கடந்துபோனதும் அமுங்கிய நார் கொஞ்சம் எழும்பும். வேலை செய்யச் செய்ய கூரின் அடிப்பக்கமும் தேய்ந்து தட்டையாகும். 15 டிகிரி இருந்தால் இதையெல்லாம் தாங்கும். 5 டிகிரி பத்துத் தள்ளலில் தீர்ந்துபோகும். பிறகு கூர் மரத்தைத் தொடுவதற்கு முன் அதன் வயிறு தொட்டுவிடுகிறது, வழுக்குகிறது. நீங்கள் அழுத்தினால் திடீரென்று ஆழமாக இறங்கிப் பிய்க்கிறது. முடிக்கு இந்த இடைவெளி தேவையில்லை, அதனால்தான் மழிக்கிறது.

சந்தேகம் இருந்தால் இப்படிச் சோதியுங்கள். நண்பரிடம் ஜிக்கை ஒருநாள் கடன் வாங்குங்கள். சரிவு முழுக்க மார்க்கர் பேனாவால் கறுப்புப் பூசுங்கள். பிளேடு ஜிக்கின் முன்முகத்திலிருந்து 38 மி.மீ. வெளியே நீட்டும்படி பூட்டுங்கள், அந்த வகை ஜிக்கில் அது 30 டிகிரி. 1000 கல்லில் நாலே நாலு இழுப்பு. மை எங்கே அழிகிறது என்று பாருங்கள். கூர் ஓரத்தில் மை அப்படியே நின்றால், உங்கள் கூர் 30ஐத் தாண்டிவிட்டது.

சொப்புப்பெட்டி | திண்டுக்கல்

அளவுகோல் சொன்ன மார்க்கர் சோதனையை நான் ஒவ்வொரு முறையும் செய்கிறேன். ஐந்து ரூபாய் மை, அரை மணி நேரத்தை மிச்சம் பிடிக்கும்.

மாடிப்பட்டறை | கோயம்புத்தூர்

கடன் வாங்கிச் சோதித்துவிட்டேன். 38 மி.மீ., நாலு இழுப்பு. சரிவின் நடுவிலும் பின்பக்கத்திலும் மை அழிந்தது. கூரை ஒட்டி ஒரு மி.மீ. அகலத்துக்குக் கறுப்பு அப்படியே நிற்கிறது. அட்டையில் 30, 35, 40, 45 டிகிரிக்கு நாக்குகள் வெட்டி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். முனைக்கு ஏறத்தாழ ஒத்துப்போனது 40தான்.

இரண்டு மாதமாகக் கூர்மையைத் தேடிக்கொண்டிருந்தேன். தொலைத்தது கோணத்தை.

தச்சன்மகன் | காரைக்குடி

அளவுகோல் கண்டுபிடித்தது சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. அப்பா பிளேடு அப்படி உருண்டதே இல்லை. என்னுடைய மர இழைப்புளியிலும் உருளவில்லை. இரும்பு இழைப்புளி வாங்கிய பிறகு எனக்கும் லேசாக உருண்டது, இத்தனை வருடப் பழக்கத்துக்குப் பிறகும். கை அதே கைதானே?

அளவுகோல் | சென்னை

அண்ணா, இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான். இரண்டு பிளேடின் தடிமனையும் வெர்னியரில் அளந்து சொல்லுங்களேன்.

தச்சன்மகன் | காரைக்குடி

மர இழைப்புளி பிளேடு, கூர்ப்பக்கம்: 4 மி.மீ. இரும்பு இழைப்புளி பிளேடு: 2 மி.மீ.

அளவுகோல் | சென்னை

அப்படியென்றால் விடை அதில் இருக்கிறது. 25 டிகிரிக்குத் தீட்டினால், 4 மி.மீ. பிளேடின் சரிவு அகலம் சுமார் 9.5 மி.மீ. 2 மி.மீ. பிளேடின் சரிவு 4.7 மி.மீ.தான். உங்கள் அப்பாவின் பிளேடு கல்லில் அகலமான பீடத்தோடு உட்கார்கிறது, நீங்கள் சொன்ன ‘டப்’ அங்கே கேட்கும். மெல்லிய பிளேடு கத்தி விளிம்பில் நிற்பதுபோல் நிற்கிறது. கொஞ்சம் கை ஆடினாலும் சாயும். ஒரே கை, ஒரே பழக்கம், ஆனால் பீடம் பாதி.

ஜப்பானியத் தச்சர்களின் ‘கன்னா’வைப் பாருங்கள். மென்மையான இரும்பின் அடியில் கடினமான எஃகை மெல்லிய படலமாக ஒட்டி அடித்த, மிகத் தடித்த பிளேடு. சரிவு அவ்வளவு அகலம் என்பதால் கல்லில் தானாக நிற்கும். அவர்கள் வெறுங்கையில் தீட்டுகிறார்கள். அங்கே சீவல் போட்டிகளில் சில மைக்ரான் தடிமனுள்ள, கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் சீவலை எடுப்பதும் அந்தக் கூரைக் கொண்டுதான். வெறுங்கையால் முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கைக்கு அந்தப் பிளேடு ஒத்துழைக்கிறது.

நம் இரும்பு இழைப்புளியின் வம்சம் வேறு. அமெரிக்காவில் லியோனார்ட் பெய்லி 1860களில் உருவாக்கிய அமைப்பு அது. 1869இல் ஸ்டான்லி நிறுவனம் அவருடைய காப்புரிமைகளை வாங்கியது. மேலே ஒரு தகடு இறுக்கிப் பிடிப்பதால் பிளேடு மெல்லியதாக இருந்தாலும் அதிராது. தேய்க்க வேண்டிய இரும்பு குறைவு, கல்லில் சீக்கிரம் வேலை முடியும். அதன் நல்ல பக்கம் அது. கல்லில் நிற்காது என்பது அதன் மறுபக்கம். இந்தியாவில் விற்கும் பெரும்பாலான இரும்பு இழைப்புளிகள் அந்த அச்சில் வார்த்தவைதான்.

அதனால் ஜிக்கா கையா என்று கேட்பதற்கு முன், என் பிளேடு எத்தனை மி.மீ. என்று கேட்க வேண்டும்.

தச்சன்மகன் | காரைக்குடி

இதை ஏற்கிறேன். இத்தனை வருடம் இப்படி யோசித்ததே இல்லை. நாளைக்கே அப்பாவிடம் சொல்வேன்.

சீவுளி | யாழ்ப்பாணம்

நாங்கள் இங்கே இழைப்புளியைச் சீவுளி என்றுதான் சொல்வோம். தம்பிமார் பேசுவது இரண்டு வழி. மூன்றாவது ஒன்று இருக்கிறது, நான் அதைத்தான் செய்கிறேன்: சாணைச் சக்கரம்.

ஆறு அங்குலச் சக்கரத்தில் சரிவைப் பிடித்தால் அது உட்பக்கமாகக் குழியும். குழிந்த சரிவைக் கல்லில் வைத்தால் முன் ஓரமும் பின் ஓரமும் மட்டும் கல்லில் படும். இரண்டு காலில் நிற்பதுபோல் நிற்கும், ஆடாது. நடுவில் உள்ள இரும்பைத் தேய்க்க வேண்டியதில்லை என்பதால் பத்து இழுப்பில் கூர் வந்துவிடும். இரண்டு மூன்று கிழமைக்கு (வாரத்துக்கு) ஒருமுறை சக்கரம், மற்ற நாளெல்லாம் கல்.

ஆனால் கவனம். சக்கரத்தில் கூர் ஓரம் சூடேறி நீலம் பாய்ந்தால், அந்த இடத்தில் எஃகின் கடினம் போய்விட்டது என்று அர்த்தம். அந்த நீலத்தைக் கல்லில் மினுக்கி மறைத்தாலும் பயனில்லை, அந்த அளவு இரும்பை மெல்ல மெல்லத் தேய்த்து நீக்கத்தான் வேண்டும். பக்கத்தில் தண்ணீர் வாளி வைத்து, இரண்டு நொடிக்கு ஒருமுறை தோய்க்க வேண்டும். விரலை கூருக்கு அருகே வைத்துப் பிடியுங்கள். உங்கள் விரல் தாங்காத சூடு வந்தால் நிறுத்துங்கள், எஃகுக்கு அது இன்னும் ஆபத்தான சூடு இல்லை, நேரத்தோடு நிறுத்திவிட்டீர்கள் என்று பொருள்.

அளவுகோல் | சென்னை

யாழ்ப்பாணத்து அண்ணை சொல்வதில் ஒரு சின்னச் சேர்க்கை. ஆறு அங்குலச் சக்கரத்தில் 9.5 மி.மீ. சரிவுக்குக் குழியின் ஆழம் சுமார் 0.15 மி.மீ. 4.7 மி.மீ. சரிவுக்கு 0.04 மி.மீ.கூட இல்லை, எழுதும் தாளின் தடிமனில் பாதிக்கும் கீழே. ஆக இதுவும் தடித்த பிளேடுக்குத்தான் முழுப் பயன் தரும். மெல்லிய பிளேடுக்கு நாலைந்து முறை தீட்டினாலே குழி தீர்ந்துவிடும்.

சீவுளி | யாழ்ப்பாணம்

உண்மை. என்னுடைய பிளேடு பழசு, தடித்தது.

பனிக்கூடம் | டொராண்டோ

என் அனுபவம் வேறு திசையிலிருந்து. என்னிடம் இருப்பது சரிவு மேல்பக்கம் பார்க்கும் இழைப்புளி. பிளேடு 12 டிகிரி சாய்வில் கிடக்கும். சரிவு மேலே இருப்பதால், மரத்தை வெட்டும் கோணம் பன்னிரண்டோடு சரிவின் கோணமும் சேர்ந்தது. 25 டிகிரிக்குத் தீட்டினால் 37, வெட்டுமுகத்தை (நாருக்குக் குறுக்கே அறுத்த முனையை) இழைக்க நன்றாக இருக்கும். 38க்குத் தீட்டினால் 50, ரேகை மாறி மாறி ஓடும் முரட்டு மரத்தைப் பிய்க்காமல் இழைக்கலாம். ஒரே இழைப்புளிக்கு இரண்டு பிளேடு வைத்திருக்கிறேன், இரண்டும் வெவ்வேறு கோணம்.

சரிவு கீழே இருக்கும் சாதாரண இழைப்புளியில் 28 ஆனாலும் 32 ஆனாலும் மரத்துக்குத் தெரியாது, இடைவெளி போதுமாக இருக்கும் வரை. என் இழைப்புளியில் கோணம்தான் வேலையே. அதனால் இதில் நான் வெறுங்கையைத் தொடுவதில்லை. அதோடு என் பிளேடு ஏ2 எஃகு (குரோமியம் கலந்த கருவி எஃகு), 3 மி.மீ.க்கு மேல் தடிமன். அதை 25 டிகிரியில் மெல்லிசாக விட்டால் கூர் ஓரம் பொடிப்பொடியாக உதிரும், 30க்கு மேல் வைத்தால் நிற்கிறது. சாதாரண கார்பன் எஃகுக்கு இந்தத் தொல்லை குறைவு.

தட்டைப் பக்கத்தைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லையே. கூர் என்பது இரண்டு முகங்கள் சந்திக்கும் கோடு. சரிவை எவ்வளவு தீட்டினாலும் மறுபக்கம் கரடாக இருந்தால் கூர் வராது. புதுப் பிளேடு வாங்கியதும் முதல் வேலை, தட்டைப் பக்கத்தில் கூரை ஒட்டிய ஒரு பட்டையை முகம் தெரியும் அளவுக்கு மினுக்குவது. அது பெரிய வேலையாகத் தெரிந்தால், இங்கிலாந்தைச் சேர்ந்த டேவிட் சார்ல்ஸ்வொர்த் பரவலாக்கிய வழி இருக்கிறது. கல்லின் ஒரு ஓரத்தில் அரை மி.மீ. தடிமனுள்ள எஃகு ஸ்கேலை வைத்து, பிளேடின் தட்டைப் பக்கத்தை அதன்மேல் சாய்த்து, கூர் மட்டும் எதிர் ஓரத்தில் படும்படி தேய்ப்பது. ஒரு டிகிரிக்கும் குறைவாகத்தான் சாயும். மினுக்க வேண்டிய இடம் ஒரு நூல் அளவுக்குச் சுருங்கிவிடும். ஆனால் உளிக்கு இதைச் செய்யாதீர்கள், உளியின் தட்டைப் பக்கம்தான் மரத்தில் வழிகாட்டி.

தச்சன்மகன் | காரைக்குடி

சரி, இப்போது ஜிக்கின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன், யாரையும் மறுக்க இல்லை.

எங்கள் பட்டறைக்கு ஒரு பையன் ஜிக் வாங்கி வந்தான். இரண்டு தாடையும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லை. பிளேடைப் பூட்டினால் லேசாகக் கோணிக்கொள்ளும். அவன் ஒரு மாதம் தீட்டியதில் பிளேடின் முனை ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி, மூலைமட்டத்தை வைத்தால் வெளிச்சம் தெரிந்தது. ஜிக் சொன்னதை அவன் நம்பினான், கண்ணை நம்பவில்லை.

இரண்டாவது, ஒற்றைச் சக்கரம் கல்லில் ஒரே தடத்தில் ஓடி நடுவில் பள்ளம் போடுகிறது. வெறுங்கையில் கல்லின் நாலு மூலையையும் பயன்படுத்துவோம்.

மூன்றாவதுதான் முக்கியம். தேக்கில் மணல்சத்து உண்டு, கூரை வேகமாகத் தின்னும். நாள் முழுக்கத் தேக்கு இழைத்தால் ஐந்தாறு முறை கல்லுக்குப் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் ஜிக்கை எடுத்து, அளந்து, பூட்டி என்றால் என்ன ஆகும்? சோம்பல் வரும். ‘இன்னும் கொஞ்சம் ஓட்டலாம்’ என்று மழுங்கிய பிளேடோடு தள்ளிக்கொண்டிருப்போம். அளந்து தீட்டிய கூர்மையான பிளேடு பெட்டியில் இருந்து என்ன பயன், பலகையில் ஓடுவது மழுங்கியதாக இருந்தால்?

அளவுகோல் | சென்னை

மூன்றாவது சொன்னது ஆழமானது. அதற்கு எனக்குத் தெரிந்த வழி: ஒரு பலகைத் துண்டின் ஓரத்திலிருந்து 50 மி.மீ. தள்ளி ஒரு சின்னக் கட்டை, 38 மி.மீ. தள்ளி இன்னொன்று ஒட்டிவிடுங்கள். ஜிக்கைப் பலகை ஓரத்தில் முட்டக்கொடுத்து, பிளேடைக் கட்டையில் முட்டும்வரை தள்ளிப் பூட்டினால் போதும். ஸ்கேல் வேண்டாம். பூட்ட இருபது நொடி. ஷெஃபீல்டில் செய்த எக்லிப்ஸ் 36 ஜிக்கிலிருந்து வந்த அளவுகள் இவை: இழைப்புளி பிளேடுக்கு 50 என்றால் 25 டிகிரி, 38 என்றால் 30. அதே ஜிக்கில் உளி தாழ்வான பள்ளத்தில் உட்காரும், அதற்கு அளவு 40, 30. நகல் ஜிக்குகளில் வார்ப்பு மாறும் என்பதால் ஒருமுறை பாகைமானியால் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தாடை கோணல் பற்றி: பூட்டும் பரப்பில் பெயிண்ட் திட்டுகள் இருந்தால் அரத்தால் எடுத்துவிட வேண்டும். வாங்கியவுடன் அப்படியே பயன்படுத்தும் பொருள் இல்லை அது. கல்லின் பள்ளத்துக்கு, கண்ணாடிமேல் 220 வாட்டர் பேப்பர் ஒட்டி, கல்லில் பென்சிலால் கட்டம் போட்டு, கோடுகள் எல்லாம் அழியும்வரை தேய்த்தால் தட்டையாகிவிடும். வெறுங்கைக்காரர்களின் கல்லுக்கும் இது தேவைதான்.

சொப்புப்பெட்டி | திண்டுக்கல்

நான் மூன்று வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். சின்ன மரப்பெட்டிகள் செய்து விற்கிறேன். கல்யாணச் சீர் வரிசைக்கு, நகை வைக்க, குழந்தைகளின் சொப்புச் சாமான் வைக்க. என் வலது மணிக்கட்டில் பழைய எலும்பு முறிவு. காரைக்குடி அண்ணன் சொல்வதுபோல மணிக்கட்டைப் பூட்டி வைத்தால் ஐந்து நிமிடத்தில் வலி ஏறிவிடும். ‘கை பழகணும்’ என்று பலர் என்னிடம் சொன்னார்கள். ஆறு மாதம் பழகியும் கூர் வரவில்லை. இந்த வேலையே நமக்கு இல்லை என்று விட்டுவிடும் நிலைக்கு வந்தேன்.

பிறகு ஒரு ஜிக் வாங்கினேன். முதல் நாளே கூர் வந்தது. அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று புரிந்தது: கூரான பிளேடு என்றால் எப்படி இருக்கும் என்றே அதுவரை எனக்குத் தெரியாது. பூவரசத் துண்டின் வெட்டுமுகத்தில் வைத்துத் தள்ளியதும் மெழுகு சீவினதுபோல் வந்தது, பரப்பு பளபளத்தது. எதைத் தேடுகிறோம் என்றே தெரியாமல் ஆறு மாதம் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

ஜிக் எனக்குச் சொல்லித்தராத விஷயம் ஒன்று உண்டு. அது கோணத்தைப் பிடித்துத் தரும். கூர் வரை தேய்ந்துவிட்டதா என்று சொல்லாது. முதல் வாரங்களில் கணக்குப் போட்டுத் தேய்த்தேன், இருபது இழுப்பு, அடுத்த கல்லில் இருபது. சில நாள் கூர் வந்தது, சில நாள் வரவில்லை. மழுங்கல் எவ்வளவு என்பதைப் பொறுத்து இழுப்பு மாறும் அல்லவா. இப்போது எண்ணுவதே இல்லை. 1000 கல்லில் தட்டைப் பக்கத்தின் ஓரத்தில் பிசிறு எழும்பும்வரை தேய்ப்பேன். கட்டைவிரலை பிளேடின் நடுவிலிருந்து கூரைத் தாண்டி வெளியே தடவினால் சன்னமாக இடறும். இடது மூலை, நடு, வலது மூலை, மூன்று இடத்திலும் இடற வேண்டும். ஒரு இடத்தில் இடறவில்லை என்றாலும் நைஸ் கல்லுக்குப் போகக் கூடாது. அங்கே கூர் இன்னும் சந்திக்கவில்லை. 6000 கல் அதைச் சந்திக்க வைக்காது, மினுக்கத்தான் செய்யும். அந்தப் பிசிறை ஜிக்கிலும் உணரலாம், கையிலும் உணரலாம். உணரவில்லை என்றால் இரண்டுமே வீண்.

இப்போது என் முறை இரண்டும் கலந்தது. ஜிக்கில் 25 டிகிரி அடிச் சரிவு. பிறகு 30க்கு மாற்றி, 1000த்தில் எட்டுப் பத்து இழுப்பு, பிசிறு வந்ததும் 6000த்தில் பத்து இழுப்பு. கூரை ஒட்டி முடியளவு ஒரு பளபளப்பான கோடு விழும். வேலை நடுவே மழுங்கினால் ஜிக்கை எடுப்பதில்லை. 6000 கல்லில் அந்தக் கோட்டைக் கண்ணால் பார்த்து, வெறுங்கையில் இழுவைப் பக்கம் மட்டும் ஐந்தாறு முறை. தள்ளுவதில்லை, இழுப்பது மட்டும். தள்ளினால் என் கை ஏறும், இழுத்தால் ஏறுவதில்லை. மணிக்கட்டும் வலிப்பதில்லை. கடைசியில் பச்சை மினுக்குப் பசை தடவிய தோலில் நாலு இழுப்பு. கோடு ஒரு மி.மீ.க்கு அகன்றதும் மறுபடி ஜிக்கில் 25.

தச்சன்மகன் | காரைக்குடி

அக்கா, நானும் பலரிடம் ‘கை பழகணும்’ என்று சொல்லியிருக்கிறேன். இனி முதலில் பிளேடை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவேன்.

இழுப்பு மட்டும் என்று நீங்கள் சொன்னது அப்பாவும் செய்வார், கடைசி நாலைந்து இழுப்புக்கு. ஏன் என்று நான் கேட்டதே இல்லை.

பனிக்கூடம் | டொராண்டோ

நாலாம் நம்பர் இழைப்புளி என்றால் கூர் ஒரே நேர்க்கோடாக இருந்தால் பலகையில் இரண்டு பக்கமும் படிக்கட்டுபோல் தடம் விழும். கடைசியில் ஜிக்கிலேயே விரலை இடது மூலையில் அழுத்தி ஐந்து இழுப்பு, வலது மூலையில் ஐந்து. மூலைகள் தாள் அளவுக்கு இறங்கும், தடம் மறையும். சக்கரம் குறுகலாக இருக்கும் ஜிக்கில்தான் இது நடக்கும், அகலச் சக்கரம் சாய விடாது.

மாடிப்பட்டறை | கோயம்புத்தூர்

நடுவில் நான் எதுவும் எழுதவில்லை, எல்லாவற்றையும் செய்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து வாரம் கழித்து வருகிறேன்.

ஜிக் வாங்கினேன். தாடையில் பெயிண்ட் திட்டு இருந்தது, அரத்தால் எடுத்தேன். முட்டுக்கட்டைப் பலகை செய்தேன். தொப்பையைக் கரைக்க 1000 கல் போதவில்லை. ஹார்டுவேர் கடையில் கார்போரண்டம் கல் வாங்கி, அதன் சொரசொரப்புப் பக்கத்தில் 25 டிகிரிக்கு முக்கால் மணி நேரம் தேய்த்தேன். மை பூசிப் பூசித் தேய்த்தேன். கூரை ஒட்டிய கறுப்பு ஒரு மி.மீ., அரை மி.மீ., ஒரு நூல் என்று சுருங்கி, கடைசியில் மறைந்தபோது மணி இரவு பதினொன்று. பிசிறை மூன்று இடத்திலும் தடவிப் பார்த்த பிறகுதான் அடுத்த கல்லுக்குப் போனேன்.

மறுநாள் அதே தேக்குப் பலகை. வழுக்கவில்லை. ஒரு பலகையின் இரண்டு முகத்தையும் இழைத்து முடிக்கும்வரை கல்லுக்குப் போகவில்லை. அலமாரியின் ஐந்து தட்டும் முடிந்து, இப்போது எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கிறது.

சொப்புப்பெட்டி அக்கா சொன்னபடி நடுநடுவே இழுப்பு மட்டும் வெறுங்கையில் செய்கிறேன். நேற்று சோதனைக்காக ஜிக் இல்லாமல் மை பூசி எட்டு இழுப்பு இழுத்தேன். கூர் ஓரமாக மை ஒரே சீராக அழிந்தது, கோடு நேராக வந்தது. இடது மூலையில் மட்டும் ஐந்தாறு மி.மீ. நீளத்துக்கு மை மிச்சம். அதை எப்படிச் சரிசெய்வது?

தச்சன்மகன் | காரைக்குடி

இடது கை விரல் இரண்டும் பிளேடின் நடுவில் இருக்கிறதா? அப்படியென்றால் ஒரு விரலை அந்த மூலைக்கு நேர் மேலே நகர்த்தி வையுங்கள். அழுத்த வேண்டாம், விரலின் எடையே போதும். நாலு இழுப்பு இழுத்துவிட்டு மையைப் பாருங்கள். இன்னும் மிச்சம் இருந்தால் கல்லின் அந்த ஓரம் பள்ளமாக இருக்கும். பென்சில் கட்டம் போட்டுச் சரிபார்த்துவிட்டு எழுதுங்கள். அலமாரியின் படத்தையும் போடுங்கள்.